கடைசி வரிசைக்குக் கீழே

ஹபிபுல்லா விமானம் வாங்கிவிட்டார் என்ற செய்தி லப்பைக்குடிக்காட்டில் பரவியபோது முதலில் யாரும் நம்பவில்லை. வாழ்நாளில் பாதியை வளைகுடாவில் கழித்துவிட்டுத் திரும்பிய மனிதர் பெரம்பலூரில் ஒரு கடை வைப்பார், மிஞ்சிப் போனால் ஒரு கல்யாண மண்டபம் கட்டுவார் என்றுதான் உறவுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். அவரோ பறந்து ஓய்ந்த பயணிகள் விமானம் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். இறக்கையைக் கழற்றி, உடலைத் துண்டுகளாக லாரிகளில் ஏற்றி வந்து, பெரம்பலூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் கான்கிரீட் தூண்களின் மேல் மறுபடி பொருத்தி நிறுத்தினார். உள்ளே ஓட்டல். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஆஃப்ராவை அவர் மறுநாளே காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஆஃப்ரா அவருடைய தங்கை மகள். பெரம்பலூரில் படித்து முடித்து, பழைய சரக்கு விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கூடத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தாள். எஞ்சினுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. விமானத்தின் எலும்புக்கூடு அவள் பொறுப்பு. எங்கே விரிசல், எங்கே அரிப்பு, எந்தத் தகடு மெலிந்திருக்கிறது என்று டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகத் தேடுகிற வேலை. குடும்பத்தில் அது பலருக்குப் புரியவில்லை. ஹபிபுல்லா மட்டும் போகிற இடமெல்லாம் "என் தங்கச்சி மவ பிளேன் டாக்டரு" என்று சொல்லிக்கொள்வார்.

"எப்படியிருக்கு?" என்றார், இரும்புப் படியேறி உள்ளே நுழைந்ததும்.

நன்றாகத்தான் இருந்தது. இருக்கைகளை எதிரெதிராகத் திருப்பி நடுவில் மேசை போட்டிருந்தார்கள். கதவு கழற்றிய இடத்தில் சமையல்கட்டிலிருந்து சாப்பாடு வந்து சேரும் வழி. கீழே மரம் மாதிரித் தெரியும் புதுத் தரைவிரிப்பு. பின்கோடியில் பழைய கழிவறைகளைப் புதுப்பித்து, பக்கத்தில் கை கழுவ வரிசையாகக் குழாய்கள். ஆஃப்ரா ஒவ்வொன்றையும் பாராட்டிக்கொண்டே நடந்தாள். கடைசி வரிசையைத் தாண்டியதும் அவள் குதிகால் லேசாக அமுங்கியது.

இரண்டடி பின்னால் வந்து மறுபடி நடந்தாள். அதே இடம். பாரத்தைக் குதிகாலிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து குதிகாலுக்கும் மாற்றிப் பார்த்தாள். விரிப்பு மெத்தென்று இருப்பதால் வரும் அமுக்கம் வேறு. இது அடியிலிருந்து வந்தது.

"மாமு, இந்த விரிப்பு போடுறதுக்கு முன்னாடி அடிப்பலகையக் கழட்டி யாராச்சும் கீழ பாத்தாங்களா?"

"எதுக்கு? பலக கல்லு மாதிரி இருந்துச்சு. அப்படியே மேல ஒட்டிட்டோம்."

"பலகைக்குக் கீழ பீம் இருக்குல்ல. அதச் சொல்றேன்."

பழைய விமானங்களுக்கென்று தனி விதிகள் உண்டு. இத்தனை வருஷம் ஆனால், இத்தனை முறை ஏறி இறங்கினால், இன்ன இன்ன இடத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்ற பேச்சுக்கு அங்கே இடம் கிடையாது. பார்க்காதவரை அந்த விமானம் கூடத்தை விட்டு நகராது. கழிவறைக்கு அடியில் இருக்கும் தரை பீம்கள் அந்த விதிகளில் எப்போதும் முன்னால் வரும். தண்ணீர் சிந்திச் சிந்தி, பலகை இடுக்கு வழியாக இறங்கி, வருஷக்கணக்கில் அலுமினியத்தைத் தின்றுகொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆஃப்ரா இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னாள்.

ஹபிபுல்லா கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் வானத்துல போறதுக்கும்மா. இது தூண் மேல உக்காந்திருக்கு. பறக்காத பிளேனுக்கு எந்த நாட்டுல சட்டம் இருக்கு?"

அவர் சொன்னது சரிதான். அப்படி ஒரு சட்டம் இல்லை. தூணுக்கு ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். தீயணைப்பு ஆபீஸிலிருந்து வந்து வாசல்களை அளந்து பார்த்திருந்தார்கள். சாப்பாட்டு லைசென்ஸும் வந்தாயிற்று. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். இந்தத் தரை மட்டும் யாருடைய பொறுப்பிலும் சேராமல் நடுவில் விடுபட்டுப் போயிருந்தது.

"சட்டம் இல்ல மாமு. ஆனா பறக்குறப்ப இந்த எடத்துல ஒருத்தர் ரெண்டு பேருதான் நிப்பாங்க. நீங்க விருந்து வெச்சா, சாப்ட்டு முடிச்ச கூட்டம் பூரா கை கழுவ இங்கதான் வந்து நெருக்கும். புள்ளைங்க குதிக்கும்."

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு தொறப்பு. ஊரையே அழைச்சிட்டேன். இப்பப் போயி புதுத் தரையப் பேத்தெடுக்கச் சொல்றியா?"

"தரை மேல கை வைக்கல. கீழ பெட்டி அடுக்குற அறை இருக்குல்ல, அது வழியாப் போயி அடியிலேருந்து பாக்குறேன்."

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காரில் வீடு வரும்வரை வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தார். ஆஃப்ராவுக்கு அவரைத் தெரியும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். பேச்சை எடுக்கவிடாமலே நாளைக் கடத்திவிடுவார்.

மத்தியானம் ஹபிபுல்லாவின் மனைவி குல்சும் மாமி அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஃப்ரா பக்கத்தில் உட்கார்ந்து கூட உரித்தாள். மாமிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அந்தப் பிளேன் வந்ததுலேருந்துதான் மனுஷன் சிரிச்ச மொகமா இருக்காரு. வேல விட்டு வந்த ரெண்டு வருஷமும் இந்த வூட்டுல சேரோட சேராக் கெடந்தாரு. அதக் கெடுத்துறாத புள்ள."

"கெடுக்கணும்னு எனக்கு என்ன ஆசையா மாமி?"

"அடியில கெட்டுப் போயிருக்குன்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. நல்லாவும் இருக்கலாம். தெரியாததுனாலதான் பாக்கணும்கிறேன்."

குல்சும் கையிலிருந்த இறாலைப் போட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். நிச்சயம் கெட்டுப்போயிருக்கிறது என்று ஆஃப்ரா அடித்துச் சொல்லியிருந்தால் மாமி ஒருவேளை வாதாடியிருப்பாள். தெரியாது என்று சொன்னது அவளை யோசிக்க வைத்தது.

"அப்பப் பாரு. அவருட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள்.

மாமி என்ன பேசினாளோ தெரியாது. சாயங்காலத் தொழுகை முடிந்து வந்த ஹபிபுல்லா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "பாத்துக்க. ஒன்னும் இல்லன்னா வெள்ளிக்கிழமை நீ வாயே தொறக்கக் கூடாது," என்றார்.

"தொறக்க மாட்டேன் மாமு."

மறுநாள் ஆஃப்ரா பஸ் ஏறி அரியலூர் போனாள். விமானத்தைத் தாங்கும் இரும்புத் தொட்டிலையும் படிகளையும் செய்தவர் முத்தமிழ்செல்வன் என்பவர். சொந்த ஊர் விக்கிரமங்கலம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இவர் வெல்டிங் கற்றுக்கொண்டு, சிமெண்ட் ஆலைகளுக்கு இரும்பு வேலை செய்து, இப்போது சொந்தப் பட்டறை வைத்து ஆட்களுக்கு வேலை கொடுக்கிறார். பட்டறை லாரிகள் போகிற சாலையில் இருந்தது. வாசலில் நின்ற பைக், வேப்பமரம், டீக்கடைப் பெஞ்சு எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூசி.

ஆஃப்ரா விஷயத்தைச் சொன்னதும் அவர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

"ஒன்னு சொல்லணும் மேடம். பின்பக்கம் தொட்டில்ல போல்ட்டு மாட்டுறப்ப மேலேருந்து வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சு. எங்க ஊர்ல எதத் தட்டினாலும் தூசிதான் கொட்டும். சிமெண்ட் தூசின்னு தொடச்சுட்டுப் போயிட்டேன்."

"அந்த பிளேன் அரியலூருக்கே வரலயே. அலுமினியம் அரிச்சாத்தான் அப்படி வெள்ளையாப் பொடி கொட்டும்."

"அது இப்பத்தான் உறைக்குது," என்றார். "நாளைக்கு ரெண்டு பேரோட வரேன். என்னென்ன சாமான் வேணும், சொல்லுங்க."

விமானத்தின் தரைக்குக் கீழே பெட்டி அடுக்கும் அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. காலையிலேயே தகடு சுட ஆரம்பித்திருந்தது. ஆஃப்ரா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முட்டிக்குச் சாக்கைப் போட்டு, முன்னாலிருந்து தொடங்கினாள். முத்தமிழ்செல்வன் கூரைத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். பஞ்சு உறையை ஒதுக்கினால் பீம் தெரியும். அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவி, திருப்புளியின் முனையால் தட்டிக் கேட்டாள். முதல் பீம் நன்றாக இருந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும். குழாய் குறுக்கே ஓடிய ஒரு இடத்தை மட்டும் கடைசியில் பார்க்கலாம் என்று குறித்துவைத்தாள். பாதி தூரம் வரை ஒரு குறையும் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டு பிரியாணி சாப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. ஆனாலும் வேகத்தைக் கூட்டவில்லை. நன்றாக இருந்த பீம்களைப் பார்த்த அதே நிதானத்தோடு அடுத்ததையும் பார்த்தாள்.

கழிவறைக்கு நேர் கீழே பஞ்சு உறையை இழுத்ததும் அது கனமாக, ஈரமாக வந்தது. பின்னால் வெள்ளைப் பொடி கொட்டியது. பீமின் மேல்விளிம்பு பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உப்பிப் பிரிந்திருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினாள். தட்டும் சத்தமே எழாமல் முனை உள்ளே இறங்கியது. பக்கத்து பீமும் அப்படித்தான். அதை உடலோடு பிணைக்கும் இணைப்பில் பாதி இல்லை.

"இது மேலதான் நாங்க எல்லாம் நடந்து வேல பாத்தோமா?" என்றார் முத்தமிழ்செல்வன் மெதுவாக.

ஆஃப்ரா போனில் படமெடுத்தாள். பிறகு அதை அழித்துவிட்டு வெளியே வந்து மாமுவைக் கூப்பிட்டாள். படத்தைக் காட்டினால் அவர் கண்ணாடியைத் தேடுவார், வெளிச்சம் சரியில்லை என்பார். அவரே வந்து பார்க்கட்டும்.

முட்டிவலிக்காரர். பருத்த உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு ஆட்கள் பிடித்துவிட, முனகிக்கொண்டே உள்ளே தவழ்ந்து வந்தார். ஆஃப்ரா டார்ச்சைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கைப்பிடி அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தபின் சொன்னார்: "கடைசி நாலு வரிசைய அடைச்சிருவோம். கயிறு கட்டி ஒரு ஆள நிறுத்திருவோம். கை கழுவ வெளிய குழா போட்டுறலாம். தொறப்பு முடியட்டும், அப்புறம் நிதானமாச் சரி பண்ணிக்கலாம். என்னம்மா?"

நியாயமான பேச்சுதான். ஆஃப்ராவும் ஒரு நிமிஷம் அதை எடைபோட்டுப் பார்த்தாள். அழைப்பு போயிருக்கிறது, சாமான் வந்திருக்கிறது, சமையல் ஆட்கள் வந்திறங்கிவிட்டார்கள். நான்கு வரிசையை மூடினால் எல்லாம் நடக்கும்.

"வேணாம் மாமு," என்றாள். "கயிறு கட்டுற எடத்துலதான் எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க. அப்புறம், முன்பக்கம் பிளேனோட பழைய அடுப்படி இருந்துச்சே, அங்கயும் தண்ணி சிந்தியிருக்கும். அந்த எடத்துல குழாய் குறுக்க ஓடுது, அதக் கழட்டாம பாக்க முடியாது. அத இன்னும் பாக்கல. பாக்காத எடத்துல ஆள நிறுத்த என்னால சரின்னு சொல்ல முடியாது. நீங்க தொறந்தா தொறங்க. நான் உள்ள வர மாட்டேன். அம்மாவையும் விட மாட்டேன்."

முத்தமிழ்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹபிபுல்லாவின் முகம் சிவந்தது. தன் வீட்டுப் பெண் நாலு ஆட்களுக்கு முன்னால் இப்படிப் பேசியதை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வண்டியைக் கிளப்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆஃப்ரா கிட்டே போனபோது அவர் உறவுக்கார அண்ணன் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா காக்கா, வெள்ளிக்கிழமை இல்ல. தள்ளி வெச்சிருக்கேன். இல்ல இல்ல, வூட்டுல எல்லாரும் நல்லாருக்காங்க. கீழ இரும்பு வேல பாக்கி இருக்கு. ஆமா, எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு." வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினார். அழைத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே பேசினார். மகன்கள் பேசட்டும் என்று குல்சும் சொன்னபோதும் விடவில்லை. கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். பிளேன் தாமதமாகத்தான் கிளம்பும் என்றார் ஒருவர். அதையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வேலை நடந்தது. முன்பக்கம் குழாய்களைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு பீமில் மேலோட்டமான அரிப்பு மட்டும் இருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து பூச்சு பூசினால் போதும். பின்பக்கம்தான் பெரிய வேலை. கெட்ட பீம்களுக்குப் பதில் புதிது வாங்க வழியில்லை. முத்தமிழ்செல்வன் ஒரு யோசனை சொன்னார்.

"இது இனிமே பறக்கப் போறதில்லயே மேடம். அப்ப வயித்துல ஓட்ட போட்டா என்ன? தூணுலேருந்து நேரா இரும்புக் கால உள்ள ஏத்தி, தரைக்கு அடியில ஒரு சட்டம் குடுத்துருவோம். பழைய பீம் தாங்கவே வேணாம். பாரம் நேரா தூணுக்கு எறங்கிரும்."

தன் கூடத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஆஃப்ரா அவரை வெளியே அனுப்பியிருப்பாள். இங்கே அது பொருத்தமான வழி. தூணுக்குக் கையெழுத்துப் போட்ட பொறியாளரிடம் கேட்டு, கணக்குப் பார்த்து, சரி என்றாள். ஆனால் இரண்டு விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே வெல்டிங் கூடாது. பழைய பஞ்சிலும் பசையிலும் பொறி விழுந்தால் தீ பிடிக்கும். வெளியே வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து உள்ளே போல்ட்டுதான் மாட்ட வேண்டும். இரும்பு எங்கேயும் அலுமினியத்தை நேராகத் தொடக்கூடாது. ஈரம் பட்டால் மறுபடி அரிப்பு ஆரம்பித்துவிடும். நடுவில் ரப்பர் வைக்க வேண்டும்.

"ரப்பரு வெச்சா வேல இரட்டிப்பாகும் மேடம்."

"ஆகட்டும்."

அவர் ஒரு இடத்தில் ரப்பர் வைக்காமல் விட்டிருந்தார். அவள் கண்டுபிடித்துக் கழற்றச் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். பிறகு ரப்பரை வெட்டி வைத்து இறுக்கிவிட்டு, "இப்ப வந்து பாருங்க," என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் மூடுவதற்கு முன் அவரே அவளைக் கூப்பிட்டார்.

புதுத் தரைவிரிப்பைப் பின்பக்கம் பெயர்க்க வேண்டியிருந்தது. நனைந்து உளுத்த பலகைகள் போய்ப் புதுப் பலகை வந்தது. கழிவறையையும் கை கழுவும் குழாய்களையுமே எடுத்துவிட்டு வெளியே கட்டிவிடலாம் என்று ஹபிபுல்லாவே சொன்னார். தண்ணீர் சிந்தாத தரையில் பாதிக் கவலை குறையும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

இரும்புச் சட்டம் பொருத்தி முடிந்த அன்று சோதனை. அரியலூரில் எதற்குப் பஞ்சமிருந்தாலும் சிமெண்டுக்கு இல்லை. முத்தமிழ்செல்வன் தனக்குத் தெரிந்த கடையிலிருந்து ஒரு லோடு மூட்டையை இரவல் கேட்டு வாங்கி வந்தார். கூட்டம் நெருக்கியடித்து நின்றால் வரும் கனத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும் என்று ஆஃப்ரா சொல்லியிருந்தாள். சுமை ஆட்கள் படியேறி வந்து கடைசி வரிசைகள் இருந்த இடத்தில் மூட்டைகளை இறக்கினார்கள். ஆஃப்ரா விமானத்துக்கு வெளியே, கீழே, இரும்புச் சட்டத்திலிருந்து வயிற்று ஓட்டை வழியாகக் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனைக்கு நேராக ஒரு இரும்பு அளவுகோலை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அடுக்குக்கு முனை அசையவில்லை. இரண்டாவதுக்கு ஒரு மயிரிழை இறங்கியது. மூன்றாவது அடுக்கு ஏறும்போது இடது ஓரத்தில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். மேலே தலையில் மூட்டையோடு நின்ற ஆள் அப்படியே நின்றார்.

"எறக்குங்க," என்றாள் ஆஃப்ரா. "எல்லாத்தையும்."

"ரப்பரு அமுங்குற சத்தமா இருக்கும்," என்றார் முத்தமிழ்செல்வன்.

"இருக்கும். பாத்துருவோம்."

ஏற்றியதையெல்லாம் இறக்கினார்கள். ஒரு காலின் அடித்தகட்டுக்கும் தூணுக்கும் நடுவில் சமன் செய்ய வைத்த தகடு சரியாக உட்காராமல் நழுவியிருந்தது. பெரிய குறையில்லை. ஆனால் குறை. அதைச் சரிசெய்து, மறுபடி முதல் மூட்டையிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை ஹபிபுல்லா ஆட்களுக்குத் தானே டீ ஊற்றிக் கொடுத்தார். வெயில் சாய்கிற நேரத்தில் கடைசி மூட்டை ஏறியது. எந்தச் சத்தமும் இல்லை. முனை இறங்கிய அளவு ஆஃப்ரா எதிர்பார்த்ததுக்குள் இருந்தது. மறுநாள் காலை வரை அப்படியே விட்டுவைத்து, வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

அவள் விடுமுறை தீர்ந்துபோயிருந்தது. திறப்பு விழாவை அவள் ஷார்ஜாவில் வேலை இடைவேளையில் போனில்தான் பார்த்தாள். கூட்டம் ஜேஜே என்று இருந்தது. படம் ஆடி ஆடித் தெளிவில்லாமல் தெரிந்தது. பின்பக்கத்தில் பிள்ளைகள் குதிப்பது மட்டும் தெரிந்தது. அவள் தரையைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். யார் காதிலும் விழவில்லை.

ஓட்டல் நன்றாக ஓடியது. ஒரு வருஷம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமுவிடமிருந்து போன் வந்தது.

"எப்பம்மா ஊருக்கு வர்ற?"

"இன்னும் மூணு மாசம் ஆகும் மாமு. என்ன விஷயம்?"

"அவ்வளவு நாள் காக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும்னு சொல்லிட்டுப் போனியே, நாள் வந்துருச்சு. கடையச் சாத்திட்டேன்."

பின்னால் யாரோ, காலையிலேயே சாப்பாடு கேட்டு ஒரு டூரிஸ்ட் பஸ் நிற்கிறது என்று சொல்வது கேட்டது. "நாளைக்கு வரச் சொல்லு," என்று ஹபிபுல்லா அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு ஏதோ உரசும் சத்தம், இரும்பில் கை படும் சத்தம், அவருடைய முனகல்.

"மாமு, நீங்களா உள்ள போறீங்க? முட்டி என்னாவறது?"

"முத்தமிழ்செல்வன் கூட இருக்காரு. லைட்டு அவரு பிடிக்கிறாரு, போன நான் பிடிக்கிறேன். முன்பக்கத்துலேருந்து வரோம். எதையும் விடாமப் பாரு."

திரையில் ஒரு பீம் வந்தது. அதன்மேல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. ஆஃப்ரா பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க மாமு," என்றாள். "அந்த மூலையில என்ன இருக்குன்னு விரலால தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."